கிரேஸ் சிஸ்டரும் நான் கேட்காத மன்னிப்பும்

கிரேஸ் சிஸ்டர் இறந்த செய்தி எனக்கு ரயிலில் வந்தது. கிள்ளானில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிப்போவது என் பழக்கம். அன்று மத்தியானமும் அப்படித்தான். ஷா ஆலம் தாண்டியது தெரியாது. எங்கோ கதவு திறந்து மூடிய சத்தம் மட்டும் தூக்கத்துக்குள் கேட்டது. மடியில் கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. கண்ணைத் திறந்தால் ஆலயப் பணியாளர் அனுப்பிய ஒரே வரி: "சார், கிரேஸ் சிஸ்டர் தூக்கத்துலயே போயிட்டாங்க." அந்த வரி கனவில் வந்ததா, கைப்பேசியில் வந்ததா என்று சற்று நேரம் புரியவில்லை. கேஎல் சென்ட்ரலில் இறங்க வேண்டியவன் இறங்கவில்லை. ரயில் என்னைக் கெப்போங் தாண்டிக் கொண்டுபோனது. மழைக்கு முந்திய மஞ்சள் வெளிச்சத்தில் அடுக்குமாடிகளும் பாலங்களும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. எழுந்து இறங்கினால் அவர் இறந்தது உறுதியாகிவிடும் என்பதுபோல உட்கார்ந்தே இருந்தேன்.

சனிக்கிழமை வகுப்பில் எங்களோடு உட்கார்ந்தவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வராதவர்களுக்குக் கொஞ்சம் அறிமுகம் சொல்லிவிடுகிறேன். கிரேஸ், அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் தாதியாக இருந்தவர். அதனால் எல்லாருக்கும் சிஸ்டர். கன்னியாஸ்திரி என்று நினைத்துக் கும்பிடுகிறவர்களிடம், "நான் ஊசி போடுற சிஸ்டருங்க, ஜாக்கிரதை" என்பார். நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பேச்சு வரும், அடக்கம் வராது. எங்கள் இருவரையும் பிடித்து, பிரிக்பீல்ட்ஸ் ஆலய மண்டபத்தில் கிறிஸ்தவ அறநெறியின் அடிப்படைகளைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார வைத்தார் எங்கள் போதகர். சனிக்கிழமைதோறும் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, ஒன்பது வருஷம். மண்டபத்துக்கு நடந்தே வரக்கூடிய தூரத்தில் குடியிருந்த சிஸ்டர், அந்த ஒன்பது வருஷமும் தாமதமாக வந்து மோனோரயிலைக் குறை சொன்னார்.

முதல் வகுப்பிலேயே எங்களுக்குள் சண்டை. நான் பெரிய பெரிய உதாரணங்களோடு வந்திருந்தேன். பிரேக் பிடிக்காத ரயில் ஒன்று வருகிறது, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், இன்னொன்றில் ஒருவர், யாரைக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்டுவிட்டுக் கைகளை விரித்து நின்றேன். பின்வரிசையிலிருந்து சிஸ்டர் சொன்னார்: "சார், நம்ம ஊர்ல ரயில் அவ்ளோ வேகமா வராது. லேட்டாதான் வரும். அதுக்குள்ள அஞ்சு பேரும் எழுந்து போயிருப்பாங்க லா." மண்டபம் சிரித்தது. என் ரயில் அன்றோடு நின்றது. அதன்பிறகு அவர் வைத்ததுதான் வகுப்பின் விதி: அந்த வாரம் நிஜமாக நடந்ததைத்தான் பேச வேண்டும்; யாருக்கு நடந்ததோ அவரேதான் சொல்ல வேண்டும். அந்த விதியின் இரண்டாவது பாதி எனக்கு அப்போது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

வெண்பலகையில் நான் நான்கு சொற்கள் எழுதி வைத்திருந்தேன். செயல், நோக்கம், விளைவு, மனச்சாட்சி. எந்தக் காரியத்தையும் இந்த நான்கு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம் என்பது என் பாடம். செக்யூரிட்டி வேலை பார்த்த அண்ணன் ஒருவர், வேலைக்கு வராத நண்பனுக்காக வருகைக் கார்டைத் தான் தட்டிவிட்டதைச் சொன்னார். செயல் பொய், நோக்கம் நட்பு, விளைவு யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் அழகாகப் பிரித்துக் காட்டினேன். சிஸ்டர் அவரைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்கு ரெண்டு பேரோட ரவுண்ட யாருண்ணே சுத்துனா?" அண்ணன் வெகுநேரம் யோசித்து, "ஒரு நேப்பாளி" என்றார். அவருக்குக் கால் வலி இருந்தது என்பதும் பிறகு நினைவுக்கு வந்தது. சிஸ்டர் எழுந்து போய்ப் பலகையில் ஐந்தாவதாக ஒரு சொல் எழுதினார். யாருக்கு? "அது யாரு தலையில விழுதுன்னு பாக்காம மத்த நாலையும் பாத்து என்ன சார் பண்றது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பிற்பகல் மூன்று மணிக்கு அறநெறி பேசுவது லேசான காரியமில்லை. மேலே மின்விசிறி சோம்பலாகச் சுற்றும். பூக்கடைகளின் வாசமும் எந்தக் கடையிலிருந்தோ வரும் பாட்டும் ஜன்னல் வழியாக மிதந்து வரும். மழை இருட்டும் நாட்களில் மண்டபமே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோலத் தோன்றும். நான் பேசப்பேச சிஸ்டர் தூங்கிவிடுவார். ஒளிவுமறைவு இல்லாத தூக்கம். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கை மடியில் திறந்தபடி. நான் முடித்ததும் கண்ணைத் திறந்து, சரியாக நான் மழுப்பிய இடத்தில் ஒரு கேள்வி கேட்பார். "தூங்கிட்டுதானே இருந்தீங்க" என்றால், "காது தூங்கல சார். நைட் டூட்டி பழக்கம்" என்பார். அந்த வகுப்புகளை இப்போது நினைத்தால், எது நடந்தது, எது அவர் தூக்கத்திலிருந்து கொண்டுவந்தது என்று பிரிக்க முடியவில்லை. கலந்துதான் கிடக்கின்றன.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். சிஸ்டரைப் பற்றிப் பேசும் சாக்கில் அதை மறைத்தால் அவரைப் பற்றிப் பேசியதாகவே ஆகாது.

ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு பெண் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். பஸ் ஏறிக் கிள்ளான், அங்கிருந்து ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ். பாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயர் இல்லை. அவர் கணவர் லோரி ஓட்டியவர். மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் பல நாள் சுவாசக் கருவியோடு கிடந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று மருத்துவர்கள் சொன்னபோது, கருவியை நிறுத்தச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர் பாக்கியம். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. தானாகவே போய்விட்டார் என்றுதான் கணவரின் தங்கை உட்பட எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை வகுப்பு கலைந்தபிறகு, கோப்பைகளில் தே ஆறிக்கொண்டிருக்க, எங்கள் இருவரிடமும் மட்டும் அவர் இதைச் சொன்னார். "நான் அவர கொன்னுட்டேனா சிஸ்டர்?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கொல்றது வேறம்மா, போக விடறது வேற. அவர கொண்டுபோனது அந்த நோய். நீங்க வழியில நிக்காம ஒதுங்குனீங்க." பாக்கியம், "அப்ப ஏன் இப்படி வலிக்குது?" என்றார். "தப்பு செஞ்சாதான் வலிக்கும்னு இல்லம்மா. வலிக்குதுன்றதுக்காக அது தப்பும் ஆயிடாது." மனச்சாட்சியின் குத்தலையும் பிரிவின் வலியையும் பிரித்துக் காட்ட நான் நான்கு வகுப்புகள் எடுத்துக்கொண்டிருப்பேன். பாக்கியம் அன்று நன்றாக அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

இரண்டு மாதம் கழித்து, கொல்லுதலும் போக விடுதலும் என்ற பாடம் வந்தது. என்னிடம் அதைவிட நல்ல உதாரணம் இல்லை. பெயரை மாற்றினேன். லோரியைப் பஸ் ஆக்கினேன். ஜெஞ்சாரோமை வேறு ஊராக்கினேன். பாக்கியம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். வகுப்பு மொத்தமும் அந்தப் பெண்மேல் குற்றமில்லை என்று சொல்வதை அவர் காதால் கேட்கட்டும், அது நான் அவருக்குக் கொடுக்கும் பரிசு என்றே நினைத்தேன். ஆனால் ஒரே ஒரு விவரத்தை மாற்றவில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மனைவி தன் கணவனுக்குச் செய்த ஒரு சின்னக் காரியம். அது என்ன என்று இங்கே சொல்லப் போவதில்லை. அன்று சொன்னேன். அழகாக இருந்ததால் சொன்னேன். சொன்னபோது மண்டபம் அமைதியானது, எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பேச்சாற்றலில் நானே மயங்கி நின்றேன்.

அந்த அமைதியில் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "சார், அது எங்க அண்ணன்தானே?" ஜெசிந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள், பாக்கியத்தின் நாத்தனார். அந்தச் சின்னக் காரியத்தை ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்த்தவர். அண்ணிதான் அவரை இரண்டு வாரத்துக்கு முன் வகுப்புக்கு அழைத்துவந்து சேர்த்திருந்தார். ஜெசிந்தா என்னைப் பார்த்துக் கேட்டாலும் கண் அண்ணிமேல் இருந்தது. "அண்ணி, நீங்களா சைன் போட்டீங்க?" பாக்கியம் எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு, யார்மீதும் இடிக்காமல் வரிசையைவிட்டு வெளியே போனார். அதன்பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. ஜெசிந்தாவும் வரவில்லை. அண்ணி வீட்டுப் படியை மிதிப்பதையே ஜெசிந்தா விட்டுவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

எல்லாரும் போனபின் நான் என் தரப்பைச் சிஸ்டரிடம் அடுக்கினேன். பெயர் சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை, நல்லதுக்குத்தான் செய்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "எல்லாம் சரி சார். ஆனா அந்தக் கதை உங்களுது இல்ல." நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருடைய பழைய கஞ்சில் காரில் ஜெஞ்சாரோமுக்குப் போனோம். கிள்ளான் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். வரிசைகள் திறந்து திறந்து மூடின. பேசாமல் உட்கார்ந்திருந்தால், நாம் நின்றுகொண்டிருக்க மரங்கள்தான் எங்கோ போகின்றன என்று தோன்றும். சிஸ்டர் வண்டியை ஓட்டியபடியே சொன்னார்: "போயி, செஞ்சத சொல்லுங்க. தப்புன்னு சொல்லுங்க. திரும்பி வந்துடணும். விளக்கம் வேணாம். மன்னிப்பும் கேக்க வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மன்னிப்பு கேக்காம எதுக்குப் போறோம்? நாம கிறிஸ்தவங்க இல்லையா?"

"கேக்கலாம் சார், அதுக்கு நேரம் வரும். இப்ப கேட்டா, காயம் பட்டவங்களே எழுந்து வந்து உங்களுக்குக் கட்டு போடணும். அவங்களுக்கு வேற வேலை இருக்கு."

பாக்கியம் கிரில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே நின்றபடி பார்த்தார். நான் சரியாகத்தான் ஆரம்பித்தேன். "நான் செஞ்சது தப்பு, பாக்கியம்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்கவில்லை. "உங்களுக்கு ஆறுதலா இருக்கும்னு நெனச்சுதான்" என்று தொடங்கி, பெயரை மாற்றியது, ஊரை மாற்றியது எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் மன்னிப்பும் கேட்டு முடித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "சரிங்க சார்" என்றார். உள்ளே போய் இரண்டு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து கம்பி இடைவெளியில் நீட்டினார். குடித்துவிட்டுத் திரும்பினோம்.

கிள்ளானில் சிவப்பு விளக்கில் நின்றபோது, சிஸ்டர் முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "நோக்கம் நல்லதுதான் தேவா சார். அத மட்டும் வீட்லயே வச்சிட்டு வந்திருக்கலாம்." எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. விளக்கு பச்சையாகி, பின்னால் ஒரு லோரி ஹாரன் அடித்தது. அவர் அவசரப்படாமல் ஒரு டிஷ்யூவை உருவி என் மடியில் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அவ்வளவு அவமானம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வகுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன். "விட்டா உங்களுக்கு நிம்மதி. வாங்க, வந்து கொஞ்ச நாள் பேசாம உக்காருங்க" என்றார். ஆறு மாதம் அவர் பாடம் நடத்தினார். நான் பலகை துடைத்தேன். உங்களில் பலர் எனக்குத் தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்து இஞ்சியும் தேனும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். சிஸ்டர் அதைத் திருத்தவில்லை. ஒரு நாள் மட்டும் என் காதருகில், "தொண்ட எப்படி இருக்கு சார், குணமாவுதா?" என்று கேட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

அது நடந்து ஐந்து வருஷமாகிறது. இந்த ஐந்து வருஷமும் எனக்கு ஒரு ரகசிய நம்பிக்கை இருந்தது. சிஸ்டர் மாதம் ஒருமுறை ஜெஞ்சாரோமுக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். அங்கே எனக்காக ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார், தேவா சார் மனம் நொந்து போயிருக்கிறார் என்று என்றாவது பேச்சை எடுப்பார், ஒரு நாள் பாக்கியம் திரும்பி வருவார் என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம். கேட்கவில்லை.

அடக்க ஆராதனைக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பெட்டிக்குள் சிஸ்டர் வகுப்பில் தூங்குவதுபோலவே படுத்திருந்தார். யாரோ தலையை நேராக வைத்திருந்தார்கள். அது ஒன்றுதான் அவர்போல இல்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுத் திரும்பும்போது லேசாகத் தூறியது. மரத்தடியில் ஒதுங்கினேன். பக்கத்தில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்ன பேசுவது என்று தெரியாமல் பேசினேன்.

"சிஸ்டர் வீட்டுக்கு வருவாங்களாமே."

"மாசா மாசம் வருவாங்க சார். கத பேசுவோம். சில நாள் சோபாலயே தூங்கிடுவாங்க."

என் புத்தி எங்கே போகும்? "என்னப் பத்தி எதாச்சும் சொல்லுவாங்களா?" என்றேன்.

"இல்ல சார். ஒரு தடவகூட உங்க பேர எடுக்கல." பிறகு அவரே சொன்னார்: "நான்தான் ஒரு நாள் கேட்டேன், சார் எப்படி இருக்காருன்னு. அத அவருகிட்டதான் கேக்கணும்மா, நான் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க."

முதலில் நெஞ்சில் சுருக்கென்றது. அவர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு, ஈரப் புல்லில் நின்றபடியே, மெல்ல மெல்லப் புரிந்தது. என் துக்கத்தை எடுத்துச் சொல்லி அவர் பாக்கியத்தை இளகவைத்திருக்கலாம். நல்ல நோக்கம்தான். ஐந்து வருஷம் அதை அவர் செய்யாமல் இருந்திருக்கிறார். நான் பாக்கியத்துக்குச் செய்ததை அவர் எனக்குச் செய்யவில்லை.

"ஜெசிந்தா?" என்று கேட்டேன். "இன்னும் வரல சார்" என்றார் பாக்கியம்.

இந்த நினைவஞ்சலியை எழுதும்படி நம் வகுப்பினர் கேட்டபோது, சிஸ்டரைப் பற்றி எழுத எனக்குத் தெரிந்த உண்மையான வழி இது ஒன்றுதான் என்று பட்டது. எழுதினேன். எழுதிய தாள்களை எடுத்துக்கொண்டு போன வாரத்துக்கு முந்திய வாரம் பஸ் ஏறி ஜெஞ்சாரோமுக்குப் போனேன், தனியாக. பாக்கியம் கிரில்லைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். "உங்களப் பத்தி இதுல இருக்கு. நீங்க வேணாம்னா கிழிச்சிடறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். வெளியே செம்பனை ஓலைகள்மேல் மழை பெய்துகொண்டே இருந்தது. படிக்கும்போது அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்குப் பத்து விளக்கங்கள் தொண்டைவரை வந்தன. தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

பேனா கேட்டு வாங்கி ஒரு வரியை அடித்தார். மற்றதெல்லாம் இருக்கட்டும் என்றார். தாள்களை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"இதுல ஜெசிந்தா இருக்கா சார். அவ அண்ணன் இருக்காரு. அவகிட்டயும் கேக்கணும்ல?"

"நான் போயி கேக்கறேன்" என்றேன்.

"வேணாம் சார். நான் போறேன்."

முந்தாநாள் அந்தத் தாள்கள் தபாலில் திரும்பி வந்தன. கடைசித் தாளின் ஓரத்தில் நீல மையில் பாக்கியத்தின் கையெழுத்து. அதற்குக் கீழே கறுப்பு மையில் இன்னொரு கையெழுத்து. நடுப்பக்கத்தில் ஒரு தேக் கோப்பை வைத்த வட்டமான கறை. கூடவே கடிதம் எதுவும் இல்லை.

அந்த வீட்டில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பாக்கியம் என்னை மன்னித்துவிட்டாரா என்பதும் தெரியாது. கைப்பேசியில் அவர் எண் இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் கேட்டுவிடலாம். கேட்காமல் இருக்கிறேன். கிரேஸ் சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.